காலேஜ் ஹூப்ஸ் 2கே8: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் படித்துவிட்டுத் திரும்பும்போது துணிமணிக்கு நடுவே ஒரு பழைய பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2) கன்சோலையும் சில டிஸ்க்குகளையும் சுற்றி எடுத்து வந்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அலமாரியில் காலேஜ் ஹூப்ஸ் 2கே8 உறையைப் பார்த்ததும் "என்.பி.ஏ.வா?" என்பார்கள், அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கை நினைத்து. "இல்லை, காலேஜ்" என்றால் முகம் தொங்கிவிடும். ஒரு மேட்ச் ஆடி முடித்ததும் கேள்விகள் ஆரம்பிக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துப் போட்டிருக்கிறேன்.

இது என்ன கேம்?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து. 2கே ஸ்போர்ட்ஸ் வெளியீடு, உருவாக்கியது விஷுவல் கான்செப்ட்ஸ். என்.பி.ஏ. 2கே வரிசையைச் செய்கிற அதே ஆட்கள்தான். 2007 நவம்பரில் பிளேஸ்டேஷன் 2, பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 மூன்றுக்கும் வந்தது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் முதல் டிவிஷன் அணிகள் 300க்கு மேல் உள்ளே இருக்கின்றன. வர்ணனை வெர்ன் லண்ட்க்விஸ்டும் பில் ராஃப்டரியும். இந்த வரிசையில் இதற்குப் பிறகு வேறு கேம் வரவில்லை.

என்.பி.ஏ. 2கே8 இருக்கும்போது இது எதற்கு? ரெண்டும் ஒன்றுதானே?

கன்ட்ரோல் ஒன்று, ஆட்டம் வேறு. இதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். தோற்றுக்கொண்டே இருப்பவர்களில் பாதிப் பேர் என்.பி.ஏ. ஆட்டத்தை இங்கே கொண்டுவந்து ஆடுகிறவர்கள்.

என்.பி.ஏ.வில் 12 நிமிடம் வீதம் நான்கு கால் பகுதிகள். கல்லூரியில் 20 நிமிடம் வீதம் இரண்டு பாதிகள். என்.பி.ஏ.வில் 24 நொடிக்குள் ஷாட் போட்டாக வேண்டும். இந்த கேம் வந்த காலத்தில் கல்லூரிக்கு 35 நொடி. கூடுதலாகக் கிடைக்கிற அந்த 11 நொடிதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. பந்தை நாலு கை மாற்றி, ஒரு ஸ்கிரீன் வைத்து (எதிராளியின் வழியை ஓர் ஆள் மறித்து நிற்பது), அது எடுபடாவிட்டால் முதலிலிருந்து மறுபடி ஆரம்பிக்க நேரம் இருக்கிறது. அதனால்தான் ஆள்பலம் இல்லாத சின்னக் கல்லூரி பெரிய கல்லூரியைத் தோற்கடிக்க முடிகிறது. கடிகாரத்தைக் கரைத்துவிட்டால் பெரிய அணிக்குக் கிடைக்கும் வாய்ப்பே குறைந்துவிடும்.

மூன்று புள்ளிக் கோடு 19 அடி 9 அங்குலத்தில் இருக்கிறது. என்.பி.ஏ. கோடு நடுவில் 23 அடி 9 அங்குலம். இங்கே நாலு அடி பக்கம் என்பதால் வெளியே நின்று பந்தை நடத்தும் கார்டு, கூடைப்பக்கம் ஆடும் ஃபார்வர்டு என்று பார்க்காமல் பாதி அணி தூரத்திலிருந்து எறியும். இந்த கேம் காட்டுகிற 2007–08 சீசனோடு அந்தக் கோட்டின் கதை முடிந்தது. அடுத்த ஆண்டே ஓர் அடி பின்னால் தள்ளிவிட்டார்கள்.

ஐந்து ஃபவுல் ஆனால் வீரன் வெளியே, என்.பி.ஏ.வில் ஆறு. உங்கள் நட்சத்திர வீரன் முதல் பாதியிலேயே இரண்டு வாங்கிவிட்டால் அவனை உட்கார வைத்துவிடுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பந்தைப் பிடித்துக்கொண்டால் ஜம்ப் பால் (நடுவர் பந்தை மேலே எறிய இருவரும் தாவுவது) கிடையாது. ஓர் அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்த அணிக்குப் பந்து. அடுத்த முறை மற்ற அணிக்கு.

நம் ஊர் பிஎஸ்2வில் ஓடுமா?

அப்படியே போட்டால் ஓடாது. இந்தியாவில் விற்ற பிஎஸ்2 நம் ஊர் தொலைக்காட்சி முறையான பி.ஏ.எல். (PAL) ரகம். இந்த டிஸ்க் வட அமெரிக்காவுக்கானது, அங்கத்திய முறையான என்.டி.எஸ்.சி. பிஎஸ்2 அந்த வட்டார எண்ணைப் பார்த்துவிட்டு டிஸ்க்கைத் திருப்பி அனுப்பிவிடும். டிஸ்க்கை மட்டும் நண்பரிடம் சொல்லி வரவழைத்தவர்கள் ஏமாந்தது இதில்தான். நானும் முதல் தடவை ஒன்றை ஊருக்கு அனுப்பி, தம்பி வீடியோ காலில் அந்தச் சிவப்பு நிற எச்சரிக்கைத் திரையைக் காட்டிய பிறகுதான் கன்சோலையே தூக்கிக்கொண்டு வந்தேன்.

அமெரிக்க கன்சோலைக் கொண்டுவருகிறவர்கள் அடாப்டரின் அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்று இருந்தால் பிளக் பின்னை மட்டும் மாற்றினால் போதும். 120 என்று மட்டும் இருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சொருகாதீர்கள். ஒரு நொடிதான், புகை வந்துவிடும்.

அப்படியானால் எந்த கன்சோலுக்கு வாங்கலாம்?

பிஎஸ்3 கேம்களுக்கு வட்டாரப் பூட்டு கிடையாது. எனவே நம் ஊரில் இருக்கிற பிஎஸ்3யிலேயே அமெரிக்க டிஸ்க் ஓடும். தொந்தரவு குறைந்த வழி அதுதான். படமும் பிஎஸ்2வைவிடப் பல மடங்கு மேல். எக்ஸ்பாக்ஸ் 360 டிஸ்க் என்றால் வாங்கும் முன் விற்பவரிடம் வட்டாரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிஎஸ்2 எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம் பழக்கம்தான், வேறில்லை. அந்தப் பதிப்பு வாங்குகிறவர்கள் 8 எம்பி மெமரி கார்டு ஒன்றை இந்த கேமுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

விலை பற்றி: பழைய விளையாட்டு கேம்கள் பொதுவாகக் கடலைக்காய் விலைக்குப் போகும், ஏனென்றால் அடுத்த ஆண்டே புதியது வந்துவிடும். இதற்கு அடுத்தது வரவேயில்லை. அதனால் விற்கிறவர்கள் கூசாமல் கேட்கிறார்கள்.

வீரர்களுக்குப் பெயரே இல்லையே, டிஸ்க்கில் கோளாறா?

கோளாறு இல்லை. எல்லாக் கல்லூரி கேமிலும் அப்படித்தான் இருந்தது. கல்லூரி வீரர்கள் சம்பளம் வாங்காதவர்கள், அவர்கள் பெயரை வைத்து யாரும் வியாபாரம் செய்யக்கூடாது என்பது என்.சி.ஏ.ஏ.வின் அன்றைய விதி. அதனால் பெயருக்குப் பதில் ஆடும் இடமும் சட்டை எண்ணும் மட்டும் வரும். உயரம், நிறம், ஆடும் விதம் எல்லாம் நிஜ ஆளை ஒட்டியே இருக்கும். ஊருக்கே தெரிந்த ரகசியம்.

அப்புறம் அட்டையில் கிரெக் ஓடன் படம் மட்டும் எப்படி?

அவர் கல்லூரியை விட்டுப் போய்விட்டார், அதனால் முடிந்தது. ஒஹாயோ ஸ்டேட்டில் ஒரே ஒரு ஆண்டு. 2007 கல்லூரித் தொடரின் இறுதிப் போட்டியில் ஃபுளோரிடாவிடம் 84–75 என்று தோற்ற ஆட்டத்தில் 25 புள்ளி, 12 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் தெறித்த பந்தைப் பிடிப்பது). அந்த ஆண்டு என்.பி.ஏ. டிராஃப்டில் (அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) முதல் தேர்வு, போர்ட்லாந்து அணிக்கு. கேம் கடைக்கு வந்த நவம்பரில் மனிதர் முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் இருந்தார். அந்த சீசன் முழுக்க ஆடவில்லை.

அதே ஆண்டு போட்டி நிறுவனமான ஈஏ ஸ்போர்ட்ஸின் மார்ச் மேட்னஸ் 08 அட்டையில் இருந்தவர் டிராஃப்டில் இரண்டாவதாகப் போன டெக்சாஸ் பையன். பெயர் கெவின் டுரான்ட். அட்டை விஷயத்தில் ஈஏதான் ஜெயித்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

எந்த எண் யார் என்று சொல்ல முடியுமா?

முழுப் பட்டியல் கேட்காதீர்கள். 300 அணி, அணிக்கு 12 பேர் என்று வைத்தாலும் 3,600 பேர். பின்னாளில் பெரிய ஆளானவர்களை மட்டும் சொல்கிறேன். மெம்ஃபிஸ் 23 டெரிக் ரோஸ். யூ.சி.எல்.ஏ.வில் 42 கெவின் லவ், 0 ரஸ்ஸல் வெஸ்ட்புரூக். கேன்சஸ் ஸ்டேட் 30 மைக்கேல் பீஸ்லி. நார்த் கரோலைனா 50 டைலர் ஹான்ஸ்பரோ. யூ.எஸ்.சி. 32 ஓ.ஜே. மேயோ. கேன்சஸ் 15 மாரியோ சால்மர்ஸ்.

அப்புறம் டேவிட்சன் 30. சின்னஞ்சிறு கல்லூரி. ஒல்லியான இரண்டாம் ஆண்டு மாணவன். நிஜ 2008 போட்டித் தொடரில் இந்தப் பையன் கொன்சாகாவுக்கு எதிராக 40, ஜார்ஜ்டவுனுக்கு எதிராக 30, விஸ்கான்சினுக்கு எதிராக 33 என்று அடித்து, பத்தாம் நிலை அணியைக் கடைசி எட்டு வரை இழுத்துப் போனான். அங்கே கேன்சஸிடம் 59–57. இரண்டே புள்ளி. ஸ்டெஃபன் கரி என்று சொன்னால் இன்று கூடைப்பந்து பார்க்காதவருக்கும் தெரியும். இந்த டிஸ்க்கில் அவர் வெறும் 30.

பெயர்களை நாமே மாற்றலாமா?

மாற்றலாம். எடிட் பகுதிக்குப் போய் ஒவ்வொரு ஆளாகத் திறந்து எழுத்து எழுத்தாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிஎஸ்2 கன்ட்ரோலரில் "ஹான்ஸ்பரோ" எழுதிப் பாருங்கள், கட்டை விரல் வீங்கிவிடும். நான் மூன்று அணிக்குச் செய்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்புகளுக்கு ரசிகர்கள் இன்றைக்கும் புதிய சீசன் வீரர் பட்டியல், புதுச் சட்டை, புதுக் களம் எல்லாம் செய்து போடுகிறார்கள். 2007இல் வந்த கேமில் நேற்று கல்லூரிக்குச் சேர்ந்த பையன் ஆடுவான். இப்படி ஒரு விசுவாசத்தை வேறு எந்த விளையாட்டு கேமுக்கும் நான் பார்த்ததில்லை.

முதலில் எந்த அணியை எடுக்கலாம்?

பழகுவதற்குக் கேன்சஸ். எல்லா இடத்திலும் ஆள் இருக்கிறது. கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தான் அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பயிற்சியாளர். அங்கே ஜெயித்ததைவிட அதிகம் தோற்ற ஒரே பயிற்சியாளரும் அவரேதான், 55 வெற்றி, 60 தோல்வி. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவருக்கே அந்தக் கதி என்றால் நீங்கள் முதல் வாரம் தோற்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

வேகமாக ஓடி ஆட மெம்ஃபிஸ். கொஞ்சம் கை வந்த பிறகு டேவிட்சன். ஒரே ஆளை நம்பி ஓர் அணியை நடத்துவது எப்படி என்று அதில்தான் படிப்பீர்கள்.

ஃப்ரீ த்ரோ விழவே மாட்டேன் என்கிறதே?

ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லா எறிதலைத்தான் கேட்கிறீர்கள். பொத்தானை மறந்துவிடுங்கள். வலது ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துப் பிடியுங்கள். திரையில் ஆள் முழங்காலை மடக்குவான். கை உயர்ந்து பந்து விரல் நுனியைத் தொடும் இடத்தில் ஸ்டிக்கை முன்னால் தள்ளுங்கள். நேராகத் தள்ள வேண்டும். கட்டை விரல் சற்றே சாய்ந்தாலும் பந்து வளையத்தின் ஓரத்தில் பட்டுத் தெறிக்கும். ஆளுக்கு ஆள் கை உயரும் வேகம் வேறு. பிராக்டீஸில் உங்கள் ஐந்து பேருக்கும் இருபது இருபது போட்டுப் பாருங்கள்.

சலிப்பான வேலைதான். ஆனால் 2008 இறுதிப் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மெம்ஃபிஸ் இரண்டு நிமிடம் சொச்சம் இருக்கும்போது 9 புள்ளி முன்னால். கடைசி 75 நொடியில் ஐந்து ஃப்ரீ த்ரோவில் நாலைத் தவறவிட்டார்கள். 2.1 நொடி மீதி இருக்கையில் கேன்சஸின் 15ஆம் எண் சால்மர்ஸ் தூரத்திலிருந்து எறிந்து 63–63 ஆக்கினார். கூடுதல் நேரத்தில் கேன்சஸ் 75–68.

கடைசி நிமிடத்தில் பின்தங்கியிருந்தால் என்ன செய்வது?

ஃபவுல் செய்யுங்கள், ஆனால் எண்ணிக்கையைப் பார்த்துச் செய்யுங்கள். ஒரு பாதியில் அணியின் ஏழாவது ஃபவுலிலிருந்து எதிராளிக்கு "ஒன் அண்ட் ஒன்". முதல் எறிதல் விழுந்தால்தான் இரண்டாவது கிடைக்கும். முதலாவது தவறினால் பந்து உயிரோடு இருக்கும், நீங்கள் ரீபவுண்ட் எடுத்து ஓடலாம். பத்தாவது ஃபவுல் ஆகிவிட்டால் எப்படியும் இரண்டு எறிதல். அதனால் ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவே இருக்கிற ஃபவுல்கள்தான் உங்கள் சேமிப்பு. அவற்றை முதல் பத்து நிமிடத்தில் வீணாக்கினால் கடைசியில் கையைப் பிசைய வேண்டியதுதான்.

மறுபக்கம், நீங்கள் மூன்று புள்ளி முன்னால் இருந்து சில நொடிதான் மீதி என்றால், எதிராளி எறியும் முன்பே ஃபவுல் செய்துவிடுங்கள். இரண்டும் போட்டாலும் ஒரு புள்ளி உங்களுக்கு மிச்சம். மெம்ஃபிஸ் அன்றைக்கு அந்த ஃபவுலை வாங்காமல் போனதைப் பற்றி அங்கே இன்னும் பேசுகிறார்கள்.

கம்ப்யூட்டர் ஜோன் டிஃபென்ஸ் ஆடினால் உள்ளேயே போக முடியவில்லை?

போகாதீர்கள். ஜோன் என்றால் ஆளைத் துரத்தாமல் அவரவர் இடத்தைக் காப்பது. என்.பி.ஏ.வில் தற்காப்பு ஆள் சும்மா கூடைக்கடியில் மூன்று நொடிக்கு மேல் நிற்க முடியாது. கல்லூரியில் அந்தத் தடை கிடையாது. முன்னால் இருவர், பின்னால் மூவர் என்று நிற்கும் 2–3 ஜோனில் நெட்டையன் ஒருவன் கூடைக்கடியில் கடை விரித்து உட்கார்ந்திருப்பான். சிராக்யூஸ் பயிற்சியாளராக இருந்த ஜிம் போஹைம் இதையே வாழ்நாள் தொழிலாக வைத்து 2003இல் பட்டமும் வாங்கினார்.

உடைக்கும் இடம் ஃப்ரீ த்ரோ கோட்டின் நடு. அங்கே பந்தைப் பிடிக்கத் தெரிந்த ஒரு ஃபார்வர்டை நிறுத்துங்கள். ஐகான் பாஸில் (ஆளுக்கென்று காட்டும் பொத்தானை அழுத்தி நேராகப் பந்து கொடுப்பது) அவனுக்குக் கொடுத்ததும் பின்வரிசை நடு ஆள் முன்னேறி வருவான். அவன் காலடி எடுத்து வைத்த உடனே மூலையில் நிற்கிறவனுக்குத் தள்ளுங்கள். ஓர் இமைப்பொழுது அவன் தனியாக இருப்பான். அந்த ஷாட் விழாவிட்டாலும் பரவாயில்லை, அதே ஷாட்டைத்தான் மறுபடி தேட வேண்டும். டிரிபிள் செய்துகொண்டு மூன்று பேருக்கு நடுவே புகுவது கல்லூரி கேமில் நடக்காது.

லெகசி மோட் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, அதில் அப்படி என்ன?

இந்த கேமை நான் இன்னும் வைத்திருப்பதே அதற்காகத்தான். நீங்கள் பயிற்சியாளர். பிடித்த கல்லூரியில் நேராகவும் உட்காரலாம், கீழ்மட்டக் கல்லூரி ஒன்றில் தொடங்கி ஏறியும் வரலாம். ஏறி வாருங்கள், அதுதான் சுவை.

ஆட்டம் ஒரு பங்கு, ஆள் பிடிப்பது இரண்டு பங்கு. பள்ளிப் பையன்களைப் பார்த்து வைத்து, போன் செய்து, கல்லூரிக்கு வரவழைத்து, உதவித்தொகை தருவதாகச் சொல்ல வேண்டும். அன்றைய விதிப்படி ஓர் அணிக்கு 13 உதவித்தொகைதான். ஐந்து நட்சத்திரப் பையன் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அவன் டியூக் மாதிரிப் பெரிய கல்லூரிக்குப் போவான். இரண்டு நட்சத்திரத்தில் உயரம் மட்டும் இருந்து கைத்திறன் இல்லாத ஒருவனைப் பிடித்து, முதல் ஆண்டு பெஞ்சில் வைத்து, மூன்றாம் ஆண்டு அவன் ஒரு மேட்ச்சில் பத்து ரீபவுண்ட் எடுக்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, என்.பி.ஏ. கேமில் பணம் கொடுத்து ஆள் வாங்கும்போது அது வராது. நான்காம் ஆண்டு முடிந்ததும் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவான். மறுபடி போனை எடுக்க வேண்டும்.

என் டேவிட்சன் லெகசியில் 30 போன பிறகு அந்த இடத்துக்கு ஆள் தேடி மூன்று சீசன் ஓடிவிட்டது. கடைசியில் கிடைத்தவனுக்கு எறியத் தெரியும், பாஸ் தெரியாது. அவனை வைத்துத்தான் முதல் முறை பெரிய தொடருக்குள், அதாவது என்.சி.ஏ.ஏ. தேசியத் தொடருக்குள் நுழைந்தேன். அந்தத் தொடரில் அன்று 65 அணி. 31 இடம் கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) ஜெயித்தவர்களுக்கு, மீதி 34 இடம் தேர்வுக் குழு பார்த்துத் தருவது. சின்னக் கல்லூரிக்குத் தேர்வுக் குழு லேசில் இடம் தராது. கான்ஃபரன்ஸ் போட்டியை ஜெயித்தே ஆக வேண்டும். மார்ச் முதல் வாரம் தூக்கம் போகும்.

ஈஏவின் கேம்கள் எப்படி?

மார்ச் மேட்னஸ் 08 சுமார். கடைசியாக வந்த என்.சி.ஏ.ஏ. பாஸ்கெட்பால் 10, அட்டையில் பிளேக் கிரிஃபின், நன்றாகவே இருந்தது. சி.பி.எஸ்., ஈ.எஸ்.பி.என். இரண்டின் ஒளிபரப்புத் தோற்றமும் உண்டு. ஆனால் பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360க்கு மட்டும். பிஎஸ்2காரர்களுக்கு அது கிடையாது.

இவ்வளவு நன்றாக இருந்தால் ஏன் நிறுத்தினார்கள்?

2கே வரிசை 2008 ஜனவரியில் நின்றது, உரிமம் ஈஏ பக்கம் போனது. ஈஏவும் இரண்டு ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை, 2010 தொடக்கத்தில் கடையை மூடியது. விற்பனைதான் பிரச்சினை.

ஆனால் திரும்ப யாரும் கடை திறக்காததற்குக் காரணம் வேறு, அது அந்தப் பெயரில்லா எண்களில் இருக்கிறது. 1995இல் யூ.சி.எல்.ஏ.வுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்த எட் ஓபானன் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தார். அங்கே ஈஏ கேமில் பழைய யூ.சி.எல்.ஏ. அணி ஓடுகிறது. 31ஆம் எண், இடது கை, மொட்டைத் தலை. பெயர் இல்லை, ஆனால் அது அவரேதான். அவருக்கு ஒரு காசு வரவில்லை, யாரும் அவரிடம் அனுமதி கேட்கவும் இல்லை. 2009 ஜூலையில் வழக்குப் போட்டார். 2014இல் நீதிபதி கிளாடியா வில்கன் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார். அந்த வழக்கும் அதை ஒட்டிய வழக்கும் சேர்ந்து, கேம்களில் வந்த வீரர்களுக்கு 6 கோடி டாலர் சமரசத் தொகை. அதில் 4 கோடி ஈஏவும் உரிமம் வழங்கிய நிறுவனமும், 2 கோடி என்.சி.ஏ.ஏ.

என் அலமாரியில் இருக்கிற இந்த டிஸ்க்கும் அதே முறையில் செய்ததுதான். ஓபானன் கேட்டது நியாயம் என்று நினைக்கிறேன். டிஸ்க்கையும் தூக்கிப் போடவில்லை.

ஆன்லைனில் ஆடலாமா?

இல்லை. சர்வரை எப்போதோ அணைத்துவிட்டார்கள். இரண்டாவது கன்ட்ரோலர் வாங்கிப் பக்கத்தில் ஆளை உட்கார வையுங்கள்.

கல்லூரிக் கூடைப்பந்து கேம் இனி வருமா?

2021 ஜூலை 1 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விற்றுச் சம்பாதிக்கலாம். அதன் பிறகு 2024இல் ஈஏவின் கல்லூரி அமெரிக்கக் கால்பந்து கேம் திரும்பி வந்தது. சேர சம்மதித்த வீரர் ஒவ்வொருவருக்கும் 600 டாலரும் கேமின் ஒரு பிரதியும், உள்ளே நிஜப் பெயரும். கூடைப்பந்தையும் திரும்பக் கொண்டுவருவதாக 2025 ஜூனில் ஈஏ சொன்னது.

மூன்று அணிக்குப் பெயர் எழுதினேன் என்றீர்களே, எந்த மூன்று?

கேன்சஸ், மெம்ஃபிஸ், டேவிட்சன். டேவிட்சனில் பதினொரு பேருக்கு எழுதினேன். 30ஐ மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் கன்ட்ரோலரைக் கொடுத்து, யார் என்று சொல்லுங்கள் பார்ப்போம் என்பேன். பாதிக்கோட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கத்திலிருந்து எறிந்து பார்த்துவிட்டு, பெரும்பாலும் மூன்றாவது ஷாட்டில் சொல்லிவிடுகிறார்கள்.